எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டவர்

வெஸ்டர்பி பள்ளிக்கூடத்து உள்ளரங்கில் மைக் பிடிக்கிறவர் யார் என்று முடிவு செய்ய எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் நடந்ததில்லை. டெல்மர் நூட்சன் ஒரு நாள் பிடித்தார், அப்புறம் கீழே வைக்கவில்லை. பகலில் பண்ணை வீடுகளுக்கு கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிற மனுஷன். தொப்பை முதலில் வரும், அவர் பின்னால் வருவார். ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அந்தத் தொண்டையிலிருந்து கிளம்புகிற குரல் இருக்கிறதே, கூரைத் தகரம் அதிரும். பந்தைச் சும்மா வலைக்கு அந்தப் பக்கம் தட்டிவிட்ட பிள்ளையின் பேரை அவர் சொல்கிற தோரணையில், அது ஏதோ போரில் ஜெயித்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். அந்த ஒரு பெருமைக்காகவே ஆட வந்த பிள்ளைகள் உண்டு.

இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளின் பேரையெல்லாம் தொண்டை கிழியக் கூவியவருக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. தன் மகள் பிரிட்டாவின் பேரை அந்த மைக்கில் சொல்ல வேண்டும். பிரிட்டா தங்கமான பெண். ஆட்டம்தான் கொஞ்சம் அப்படி இப்படி. அவள் சர்வீஸ் போடப் போனால் முன்வரிசையில் இருப்பவர்கள் குனிந்துகொள்வார்கள். விடாமல் முட்டி மோதி, பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் ஒருவழியாக வாலிபால் அணியில் இடம் பிடித்தாள். பதினாலாம் நம்பர் சட்டை கிடைத்தது. சேதி தெரிந்த அன்றிலிருந்து டெல்மர் லாரியின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் பேரைச் சொல்லிச் சொல்லிப் பழக ஆரம்பித்தார். அவர் லாரி போகிற பாதை முழுக்கப் பண்ணை நாய்கள் பதிலுக்குக் குரைத்தன.

அந்த ஆகஸ்டில்தான் வினை வந்தது. தபாலில் வந்தது.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளி மாவட்ட அலுவலகம் பெற்றோர்களுக்கு அனுப்பியே தீர வேண்டிய வருடாந்தர அறிவிப்புகள் என்று ஒரு கட்டு இருக்கிறது. கட்டடத்தில் மூச்சுக்கு ஆகாத ஆஸ்பெஸ்டாஸ் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது, எறும்பு மருந்து எப்போது அடிப்பார்கள், பிள்ளையின் லாக்கரை யார் திறக்கலாம், பிள்ளையின் பேரையும் படத்தையும் எங்கே போடலாம், தலையில் பேன் இருந்தால் என்ன செய்வார்கள், எல்லாம் அதில் இருக்கும். சட்டம் அனுப்பச் சொல்கிறது, அலுவலகம் அனுப்புகிறது. ஜனங்கள் கடைசித் தாளில் கையெழுத்தைக் கிறுக்கிப் பிள்ளையின் பையில் திணித்துவிட்டு, மிச்சத் தாளை விரித்து அதன்மேல் மீன் சுத்தம் செய்கிறார்கள்.

அந்தக் கட்டைத் தயாரிக்கிறவர் ஆர்லிஸ் ஹாகன். அலுவலகத்துச் செயலாளர் அம்மாள். ஒவ்வொரு வருஷமும் கோடை முழுக்க உட்கார்ந்து, ஒரு வார்த்தை பிசகாமல், ஏதோ தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை மாதிரி அதை அச்சடிப்பார். அந்த வருஷம் ஒரு நாள் காலையில் காப்பிக் கடையில் வந்து உட்கார்ந்து, திரும்பி வந்த கையெழுத்துத் தாள் ஒன்றை முகர்ந்து பார்த்தார்.

"மீன் நாத்தம் அடிக்குது," என்றார்.

"அப்ப யாரோ படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்," என்றார் டெல்மரின் கூட்டாளி லாயிட். "மீனு படிச்சிருக்கும்."

கடையே சிரித்தது. ஆர்லிஸ் சிரிக்கவில்லை. "ஒருத்தர், ஒரே ஒருத்தர் அதப் படிச்சுட்டு வந்து ஒரு கேள்வி கேட்டாப் போதும். நிம்மதியா ரிட்டயர் ஆயிடுவேன்."

அந்த முகத்தைப் பார்த்து டெல்மருக்கு மனசு இளகிவிட்டது. நாக்கும் சும்மா இருக்கவில்லை. "நான் படிக்கிறேன் ஆர்லிஸ். இன்னிக்கே. அட்டையிலேருந்து அட்டை வரைக்கும்."

"நீயா?" என்றார் லாயிட். "ஓட்டல் மெனுவுலயே நீ படத்தப் பாத்துத்தானடா ஆர்டர் பண்ணுவ."

ரோஷம் வந்துவிட்டது. சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் சோபாவில் சாய்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அறிவிப்புக் கட்டைப் பிரித்தார். முதல் பக்கம் போனது. இரண்டாம் பக்கம் பாதியில் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. ஆஸ்பெஸ்டாஸைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. மனைவி ஜனெல் வந்து பார்த்தபோது கட்டு மூக்கின்மேல் கூடாரம் போட்டிருந்தது, உள்ளேயிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.

"கையெழுத்தப் போட்டுட்டாவது தூங்குங்க," என்று ஜனெல் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

டெல்மர் பாதித் தூக்கத்தில் கடைசித் தாளைத் திருப்பினார். வரிசையாகக் கட்டங்கள். இங்கேதான் மனுஷன் மாட்டினார். தினமும் காலையில் லாரியை எடுக்குமுன் அவர் ஒரு தாளில் டிக் போட வேண்டும். பிரேக் பார்த்தாச்சா, குழாய் பார்த்தாச்சா, வால்வு பார்த்தாச்சா, விளக்கு பார்த்தாச்சா. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முதலாளி குதிப்பார். கட்டத்தைக் கண்டால் டிக் போடுவது அவர் கைக்கு ஊறிப்போன வேலை. தேவையானால் மட்டும் குறிக்கவும் என்று மேலே பொடி எழுத்தில் இருந்ததை யார் பார்த்தார்கள்? மளமளவென்று எல்லாவற்றிலும் போட்டு, அடியில் கையெழுத்தையும் போட்டுவிட்டு மறுபடி சாய்ந்துவிட்டார்.

மறுநாளே ஆர்லிஸ் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக்கோடு வாசலில் நின்றார். கண்ணெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தது.

"டெல்மர், நீ நெஜமாவே படிச்சிருக்க. இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட ஒரு கட்டத்துல டிக் போட்டதில்ல. நீ எல்லாத்துலயும் போட்டிருக்க."

எதில் என்ன போட்டோம் என்று டெல்மருக்கு ஒரு மண்ணும் தெரியாது. வாயில் கேக் வேறு. "கடமைதானே," என்று சொல்லிவைத்தார்.

கடமை மறுவாரமே வீடு தேடி வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் ஆர்லிஸின் போன். "டெல்மர், வர்ற வியாழக்கிழமை சாப்பாட்டுக் கூடத்துல எறும்பு மருந்து அடிக்கிறோம். முன்கூட்டியே உனக்குத் தனியா சொல்லணும்னு டிக் போட்டிருந்தியே." அதற்கடுத்து மைதானத்துக் களைக்கொல்லிக்கு ஒரு போன். குளவிக்கு ஒரு போன். நடுவில் ஒரு நாள் பாய்லர் அறைக்குக் கூட்டிப்போய், மெத்தை தடிமனுக்கு இருந்த ஒரு ஃபைலை மடியில் வைத்து, "நேர்ல பாக்கணும்னு கேட்டிருந்தியே" என்று விளக்கையும் போட்டுவிட்டார். ஆஸ்பெஸ்டாஸ் கோப்பு. டெல்மர் மத்தியானம் பூராவும் பக்கம் புரட்டினார். நடுநடுவே "ஓகோ" என்றார்.

இதெல்லாம் தமாஷ். சேர வேண்டிய வினை முதல் ஆட்டத்தன்று வந்து சேர்ந்தது. டெல்மர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தார். ஆர்லிஸ் வந்து ஆட்டக்காரர் பட்டியலை வைத்தார். பதினாலாம் நம்பருக்கு எதிரே வெள்ளையாக இருந்தது.

"பேரு விட்டுப்போச்சு," என்றார் டெல்மர்.

"விட்டுப்போகல. மகளோட பேரு, படம், எதையும் எங்கயும் வெளியிடக்கூடாதுன்னு நீதான டிக் போட்ட? எல்லா எடத்துலயும் எடுத்தாச்சு. பத்திரிகைக்குக்கூடச் சொல்லிட்டேன். நீயும் பாத்துப் பேசு, பழக்க தோஷத்துல வாய் தவறிடப் போவுது."

டெல்மர் பட்டியலை மறுபடி பார்த்தார். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அட, ஒரு வரி. 'ஆர்லிஸ், தப்பா டிக் போட்டுட்டேன்.' ஆனால் எங்கள் பக்கத்து ஜனங்களை உங்களுக்குத் தெரியாது. ஓட்டலில் கோழி கேட்டு மீன் வந்தால், அந்த மீனைத் தின்றுவிட்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டு வருகிற ஜாதி. அதிலும் ஆர்லிஸின் முகம் அப்படி ஜொலித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாளின் கேக் வேறு வயிற்றில் கிடந்தது. போதாக்குறைக்கு, காப்பிக் கடையில் எல்லோரும், சட்டமெல்லாம் படித்தவர் என்று, ஒரு மாசமாக அவரை "வக்கீல் சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் லாயிட் உயிரோடு விடமாட்டார். டெல்மர் தலையை ஆட்டி வைத்தார்.

அன்று பிரிட்டா சர்வீஸ் போடப் போனாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்போது," என்றது மைக். கனைத்தது. "பதினாலாம் நம்பர்."

அவள் அடித்த பந்து பாப்கார்ன் கடைக்குப் போனது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்க வேண்டாம். உள்ளூர்ப் பத்திரிகையில் அணியின் படம் வந்தது. எங்கள் அணிக்கு நீர்நாய்கள் என்று பேர். பிரிட்டாவின் முகத்தின்மேல் பல்லைக் காட்டிச் சிரிக்கிற நீர்நாய் முகம் ஒன்றை ஒட்டியிருந்தார் ஆர்லிஸ். பக்கத்து ஊர்ப் பயிற்சியாளர், இந்தப் பெண் ஏதாவது கொலை வழக்கில் சாட்சியா, போலீஸ் மறைத்து வைத்திருக்கிறதா என்று ரகசியமாக விசாரித்தார். அடுத்த ஆட்டத்தில் எதிரணிப் பெண்கள் அவளைக் கண்டு ஒதுங்கியே ஆடினார்கள். ஒரு நாள் நிஜமாகவே ஒரு சர்வீஸ் மூலையில் போய் விழுந்து புள்ளி கிடைத்தது. டெல்மர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வாய் முழுசாகத் திறந்துவிட்டது. கதவோரம் ஆர்லிஸ் நிற்பதைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு," என்றார் மைக்கில். "உங்களுக்கே தெரியும்."

அன்றிலிருந்து ஜனங்கள், "உங்களுக்கே தெரியும், உங்களுக்கே தெரியும்" என்று கைதட்டிக் கத்த ஆரம்பித்தார்கள். பிரிட்டாவின் காதுமடல் சிவந்துபோகும். ஒரு நாள் வீடு திரும்பும்போது வண்டியில் கேட்டேவிட்டாள்.

"அப்பா, நெஜத்தச் சொல்லு. நான் ஆடறது உனக்கு அசிங்கமா இருக்கா?"

"சீ, என்ன பேச்சு இது."

"பின்ன எதுக்கு என் பேர மட்டும் சொல்ல மாட்டேங்கற?"

"அது கொள்கைம்மா. பிள்ளைங்க விஷயம் ஊருக்கெல்லாம் தெரியக்கூடாது, பாரு."

"நான் டிரைவிங் டெஸ்ட்ல திரும்பத் திரும்ப பெயிலானத உன் லாரி போற வீட்டுக்கெல்லாம் சொன்னியே. அப்ப எங்க போச்சு உன் கொள்க?"

டெல்மர் சாலையைப் பார்த்து ஓட்டினார். பிரிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்தது. அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இப்படி ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

அக்டோபரில் எங்கள் அரங்கில் கடைசி ஆட்டம் வந்தது. அன்றைக்குப் பெற்றோர் தினம். கடைசி வருஷப் பெண்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட, அவர்கள் அப்பா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகளத்தின் குறுக்கே நடப்பார்கள். அம்மாவுக்கு ஒரு செவ்வந்திப் பூ. இந்த ஒரு நடைக்குத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் வருஷக்கணக்கில் முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு விட்டால் பிரிட்டாவின் பேர் அந்த அரங்கில் இனி எப்போதும் ஒலிக்காது. பார்த்தால் அன்றைக்கே அவள் பிறந்தநாளும் சேர்ந்து வந்தது. காலையில் ஜனெல் அடுக்கி வைத்த அப்பத்தில் ஒன்றைக் கிள்ளி வைத்துவிட்டு, "இன்னிக்கும் நம்பர்தானாப்பா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டெல்மருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு லாரியைப் பள்ளி அலுவலகத்து வாசலில் நிறுத்தினார்.

"ஆர்லிஸ், நான் படிக்கல."

"எத?"

"எதையும். ஒன்னரப் பக்கம் படிச்சேன். ஆஸ்பெஸ்டாஸ் வந்துது, தூங்கிட்டேன். லாரித் தாள்னு நெனச்சு எல்லாக் கட்டத்துலயும் டிக் போட்டுட்டேன்."

ஆர்லிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "கேக்க மட்டும் தின்ன."

"தின்னேன்."

"பாய்லர் ரூம்ல அவ்வளவு நேரம் கோப்பப் பாத்தியே."

"படம் இருந்துது."

ஆர்லிஸ் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டெல்மருக்கு. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "தடைய நீக்கிடறேன்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். கையெழுத்தும் போட்டாச்சு."

ஆர்லிஸ் அதை வாங்கிப் படித்தார். தேதியைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். "உன் கையெழுத்து செல்லாது."

"ஏன்? இது என் கையெழுத்துதான்."

"நேத்து வந்திருந்தா வாங்கியிருப்பேன். இன்னிக்கு பிரிட்டா போட்டாத்தான் செல்லும். ஏன்னு பதினோராம் பக்கத்துல இருக்கு." மேஜையிலிருந்து ஒரு புதுக் கட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். மேலே இன்னும் நிரப்பாத கையெழுத்துத் தாள். "போய் அவகிட்ட கேளு. எங்கிட்ட சொன்னதயே அவகிட்டயும் சொல்லு."

பிரிட்டா அரங்கில் முழங்கால் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஜனங்கள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். டெல்மர் அவள் முன்னால் குனிந்து நின்று சொன்னார். கொள்கையும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை, தூக்கத்தில் போட்ட டிக் என்று சொன்னார். லாயிட் கேலி பண்ணுவார் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னார்.

"அப்ப என்னை நெனச்சு நீ வெக்கப்படல?"

"உன்ன நெனச்சா? லாரில தெனமும் உன் பேரச் சொல்லிட்டுத்தான் போறேன். நீ வேணா எந்த நாயை வேணா கேட்டுப் பாரு."

பிரிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுவிட்டது. "இத்தன நாளா நான் அழுதுட்டுக் கெடந்தேம்பா."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல." அவள் எழுந்து நின்றாள். அவரைவிட உயரமாகத் தெரிந்தாள். "சரி, கையெழுத்துப் போடறேன். ஆனா அதுக்கு முன்னாடி நீ அதப் படிக்கணும்."

"வீட்டுக்குப் போயி..."

"இப்பவே. மைக்ல."

"ஜனங்க சிரிப்பாங்களேம்மா."

"என்னப் பாத்து சிரிச்சாங்களே, அப்ப?"

டெல்மர் கட்டை எடுத்துக்கொண்டார். போய் உட்கார்ந்தார், மைக்கைத் தட்டினார். "பெற்றோர்களே, பாதுகாவலர்களே," என்று கூரை அதிர ஆரம்பித்தார். தேசிய கீதம் வரப்போகிறது என்று எண்ணி அரங்கமே எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. "இக்கட்டடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள்கள் இருக்கும் இடங்கள் குறித்து," என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கையை எடுக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். பாய்லர் அறை வந்தபோது ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

டெல்மருக்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது. எறும்பு மருந்தையும் அந்தக் குரலில்தான் படித்தார். தலைப்பேனைப் பற்றி அவர் முழங்கியபோது எதிரூர்க்காரர்கள் வரிசையாகச் சொறிந்துகொண்டார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், நடுவில் பேசினால் மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார். லாயிட் கையைத் தூக்கி, "எறும்பு மருந்து சாப்பாட்டு நேரத்துலயா அடிப்பாங்க?" என்று கேட்டார். கதவோரம் நின்ற ஆர்லிஸ் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு அதற்கு அரைமணி நேரத்துக்கு நீளமாகப் பதில் சொன்னார். மற்ற நேரமெல்லாம் அவர் உதடு டெல்மரோடு கூடவே அசைந்தது. அத்தனையும் அந்த அம்மாளுக்கு மனப்பாடம்.

அப்படியே பதினோராம் பக்கம் வந்தது.

"மாணவர் பதினெட்டு வயதை அடையும் நாளில்," என்று அதே முழக்கத்தில் எடுத்தார் டெல்மர், "மேற்கண்ட எல்லாவற்றிலும் பெற்றோருக்குள்ள உரிமை முடிவடைந்து, அன்று முதல்..."

நின்றுவிட்டார்.

அரங்கம் காத்திருந்தது. டெல்மர் அந்த வரியை வாய்விடாமல் மறுபடி படித்தார். பால்வாடி நாளிலிருந்து அவளுக்காக எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போக, தடுப்பூசி போட, நீச்சலடிக்க, பேருந்தில் ஏற்ற. ஒன்றையும் படித்ததில்லை. வண்டியின் பானெட் மேல் வைத்து, காப்பிக் கோப்பை அடியில் வைத்து, வந்ததையெல்லாம் கிறுக்கி அனுப்பியவர். இதற்கெல்லாம் கடைசி என்று ஒன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்தக் கடைசியையும் தூக்கத்தில் போட்டுத் தொலைத்தார். அழுகை வந்துவிட்டது மனுஷனுக்கு. கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். மைக்கை அணைக்க மறந்துபோனார். கூரைத் தகரம் அதிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"போதும்ப்பா," என்றாள் பிரிட்டா. எப்போது மேஜைக்கு வந்தாள் என்று தெரியவில்லை.

அந்த நிரப்பாத தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேலே இருந்த பொடி எழுத்தில் விரலை வைத்து, வரி வரியாகப் படித்தாள். இரண்டு அணியும், இரண்டு ஊரும், நடுவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்திலும் டிக் போடாமல் கீழே கையெழுத்துப் போட்டாள். ஆர்லிஸ் வந்து தேதியைப் பார்த்தார், தலையை அசைத்தார்.

டெல்மர் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பிறந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் அவர் எதற்கும் அனுமதி கேட்டதில்லை.

"சொல்லட்டுமாம்மா?"

"சொல்லுப்பா."

கையை எடுத்தார். "பிரிட்டா நூட்சன்," என்றார். பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை.